காலி வாளிக்கு ஒரு நற்சான்றிதழ்

பிர்ச் ஃபோர்க் நேர்வேட்டைக் கழகத்தில் ஒருவர் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமானால், முதலில் அவர்மேல் வேறொருவர் புகார் கொடுத்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்று, அறுபத்து மூன்று வயதில் ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு, அதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். ஏழாம் எண் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். 'புகார் கொடுப்பவர்' என்ற கட்டத்தில் ஆர்வின் லுட்கே என்று எழுதினேன். 'புகாருக்கு உள்ளானவர்' என்ற கட்டத்திலும் ஆர்வின் லுட்கே என்றே எழுதினேன். கழகத்தின் செயலாளர் பெவ் அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு கட்டங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுங்க."

"ஒரே ஆள்தாங்க. நான்தான்."

"அது எனக்குத் தெரியுது. படிவத்துக்குத் தெரியாதே."

விஸ்கான்சினின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் கழகத்தில் சேராதவர் கிடையாது. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் கழகத்து மண்டபத்தில்தான் நடக்கிறது. நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்தில் சுட்ட மான்களை வரிசையாகத் தொங்கவிடும் கம்பமும் அதன் வாசலில்தான் இருக்கிறது. அங்கே தன் மான் தொங்காதவன் அடுத்த நவம்பர் வரை ஊருக்குள் கொஞ்சம் குனிந்தே நடப்பான். போதாததற்கு ஒரு வழக்கம் வேறு. வெறுங்கையோடு திரும்பியவனின் சட்டையில் பின்பக்கத் தொங்கலைக் கத்தரித்து, பெயரெழுதி, மண்டபத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவார்கள். என் சட்டைத் துண்டுகள் அந்தச் சுவரில் ஆறு இருந்தன, வருடத்துக்கு ஒன்றாக. ஆறு சட்டைக்கும் வேறு துணி வைத்துத் தைத்துக் கொடுத்தவள் என் மனைவி மார்லிஸ்.

கழகத்தின் விதி ஒரே வரிதான்: மானுக்கு இரை போட்டு வேட்டையாடக் கூடாது. அந்த ஒரு வரிக்கு விளக்கம் நாற்பத்தாறு பக்கம். மக்காச்சோளத்தைச் சாக்கிலிருந்து தரையில் கொட்டி, அதைத் தின்ன வரும் மானைச் சுட்டால் அது இரை, ஈனத்தனம், கழகத்துக்கே தலைகுனிவு. அதே மக்காச்சோளத்தை விதைத்து, முளைக்கவைத்து, அறுக்காமல் விட்டு, தின்ன வரும் மானைச் சுட்டால் அது தீவனப் பாத்தி, அது வேளாண்மை. ஒன்பதாம் பக்கத்தில் இதை விளக்க ஒரு படம் இருக்கிறது. இரண்டு மான்கள். ஒன்று சோகமாகவும் ஒன்று பெருமையாகவும் சாகிறது.

இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு ஆப்பிள் மரம் உண்டு. போன குளிர்காலத்தில் அடிபட்ட ஆப்பிள்களை மார்லிஸ் ஒரு நீல வாளியில் எடுத்துப்போய் வேலியோரம் கொட்டினாள். காது கிழிந்த ஓர் இளம் ஆண்மான் வந்து தின்றது. மறுநாளும் போனாள், அதுவும் வந்தது. அப்புறம் வாளியின் கைப்பிடியை இரண்டு தட்டு தட்டினால் போதும், தேவதாரு மரங்களுக்குள்ளிருந்து வந்து நிற்கும். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டோடு நிற்கும் ஊழியரைப்போலத் தலையைக் குனிந்து நிற்பதால் அதற்கு டீக்கன் என்று பெயர் வைத்தாள். அதன் கொம்பு உதிர்ந்ததும், புதுக்கொம்பு முளைத்ததும், எட்டு முனை விட்டதும் எல்லாம் அவள் கண்முன்னால்தான். தன் தங்கையின் மூட்டு வலியைப்பற்றி என்னிடம் சொன்னதைவிட அதனிடம் அதிகம் சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தங்கைக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை, சரியாகத் துப்பாக்கிப் பருவம் தொடங்கும் வாரத்தில். மார்லிஸ் வெள்ளிக்கிழமை கிளம்பிப் போனாள். போகும்போது வாளியை என் கையில் கொடுத்து, டீக்கனுக்கு நாள் தவறாமல் ஆப்பிள் வை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை முழுக்கக் காட்டில் வேட்டைப் பரணில் உட்கார்ந்திருந்தேன். இடுப்பு விறைத்ததுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது சுவரில் தொங்கும் ஆறு துண்டுகளும், ஏழாவதுக்கு அடிக்கப்போகும் ஆணியும் நினைவுக்கு வந்தன. வாளியை எடுத்தேன். ஆப்பிள் கூடையைத் திறந்தேன். அப்போது விதி நினைவுக்கு வந்தது. ஆப்பிளைப் போட்டால் இரை ஆகிவிடும். இரை போட்டுச் சுடுகிற ஆள் இல்லை நான். கூடையை மூடிவிட்டு, துப்பாக்கியும் காலி வாளியுமாக வேலிக்குப் போய் இரண்டு தட்டு தட்டினேன்.

வந்தது. பதினெட்டு அடி தூரத்தில் நின்று வாளியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு வழக்கம்போலத் தலையைக் குனிந்தது.

மார்லிஸ் திரும்பி வருவதற்குள் மானைக் கழகத்துக் கம்பத்திலிருந்து இறக்கியாகிவிட்டது. கறி உறைபெட்டிக்குள் பொட்டலம் பொட்டலமாக இருந்தது. சாலைக்கு அந்தப்புறம் நிலம் வைத்திருக்கும் கர்ட்டின் காட்டில் சுட்டேன் என்றேன். கொம்பைக் கேட்டாள். கறி வெட்டுகிறவன் தொலைத்துவிட்டான் என்றேன். கொம்பு கார்க் கொட்டகையில், பனி தள்ளும் மண்வெட்டிக்குப் பின்னால் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம். இனிமேல் சட்டைக்கு ஒட்டுப்போட வேண்டாம் பார் என்று சொல்லி, கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு அந்தக் கறியையே சமைத்தாள். பரிமாறிக்கொண்டே, "நான் வந்த மூணு நாளா டீக்கன் வரல. வெடிச்சத்தத்துல பயந்து எங்கயோ போயிருக்கும்" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் கறி வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தினமும் காலையில் அவள் வாளியை எடுத்துக்கொண்டு போவாள். சமையலறையில் இருந்த எனக்கு அந்த இரண்டு தட்டும் கேட்கும். காத்திருந்து பார்த்துவிட்டு இன்னும் இரண்டு தட்டுவாள். எட்டு நாள் கேட்டேன். ஒன்பதாம் நாள் பாதிரியாரிடம் போனேன். அவர் கழகத்தின் துணைத்தலைவரும்கூட. தேவாலயத்துக்குப் பின்னால் அவருக்கும் மான் வந்து தின்ன ஒரு டர்னிப் கிழங்குப் பாத்தி உண்டு. முழுக்கக் கேட்டுவிட்டு, சோளம் ஏதாவது போட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிட்டார். சமாதானம் வேலிவரைக்கும்கூட வரவில்லை. அதற்குப் பிறகுதான் கழகத்துக்குப் போனேன். கழகம் தண்டித்தால், தண்டனை வாங்கிய மனிதனாக மார்லிஸ் முன்னால் போய் நிற்கலாம், அப்போது சொல்வது சுலபமாக இருக்கும் என்று ஒரு கணக்கு. கோழையின் கணக்குதான்.

பெவ் அம்மாள் இரக்கப்பட்டு, யாரையாவது விட்டுப் புகார் கொடுக்கச் சொன்னார். பக்கத்து நிலத்துக்காரன் கர்ட் வாங்கேயிடம் போனேன். கழகத்தின் கள ஆய்வாளரும் அவன்தான்.

"ஏம்ப்பா, ஒம்மேல நான் எதுக்குப் புகார் குடுக்கணும்? அந்த மான்கறியில பாதிய நான்தான தின்னேன்?" என்றான்.

பழைய பழக்கத்துக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். தானே கொடுத்த புகாரைத் தானே விசாரிக்க மறுநாள் அளவு நாடாவோடு வந்தான். மார்லிஸ் தேவாலயத்துக்கு ஒட்டுப்போர்வை தைக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தேன்.

கழகத்து விளக்கப்படி, மரத்தின் கிளைநுனிக்குக் கீழே கிடக்கும் ஆப்பிள் இயற்கை. அதற்கு வெளியே கிடந்தால் இரை. வேலியோரம் மார்லிஸ் கடைசியாகக் கொட்டிய ஆப்பிள்களில் மீதி ஏழு பனியில் கிடந்தன. கர்ட் கிளைநுனியிலிருந்து அளந்தான். பதினோரு அடி வெளியே. இரை என்று எழுதப்போனவன், ஆப்பிள் தானாக உருண்டு வந்திருக்கலாம் என்ற சாத்தியத்தையும் ஆராயவேண்டும் என்று ஒரு ஆப்பிளை எடுத்து மரத்தடியிலிருந்து உருட்டிவிட்டான். அது வேலிக்கு எதிர்த்திசையில் வீட்டுக்கு வந்தது. இன்னொன்றை உருட்டினான். அதுவும் வீட்டுக்கே வந்தது. காற்று அன்றைக்கு வேறு திசையில் அடித்ததா என்று என்னைக் கேட்டான். ஆப்பிளைத் தள்ளுகிற காற்று அடித்தால் மரமே வேலிக்குப் போயிருக்கும் என்றேன். 'சாட்சி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டான்.

மூன்றாவது ஆப்பிளின் பின்னால் அவன் குனிந்து போய்க்கொண்டிருந்தபோது மார்லிஸின் கார் வந்துவிட்டது. தையல் ஊசி உடைந்து சீக்கிரம் திரும்பியிருந்தாள். ஆப்பிள் மரத்தைக் கணக்கெடுக்கிறோம் என்று கர்ட் சமாளித்தான். அவளுக்கு அது பெருமையாகிவிட்டது. உள்ளே கூப்பிட்டு, காபியும் பூசணிக் கேக்கும் வைத்து, டீக்கன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். நீல வாளியை எடுத்துக் காட்டினாள். கைப்பிடியை எப்படித் தட்டவேண்டும் என்று தட்டியும் காட்டினாள்.

"ஆப்பிள் கொண்டுபோய் வைக்கறது யாரு, நீங்களா ஆர்வினா?" என்று கர்ட் கேட்டான். அவன் வாயில் கேக் இருந்தது.

"நான்தான். ஒரு நாள் தவறுனதில்ல. போன ஜனவரில காரே கிளம்பாத குளிர்லகூடப் போயிருக்கேன். இப்பத்தான் பாவம், பத்து நாளா அதைக் காணோம்."

கர்ட் எழுதிக்கொண்டான். அவன் எழுதுவதை நான் பார்த்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

விசாரணை வெள்ளிக்கிழமை, மீன் வறுவலுக்கு முன்னால். என் ஆறு சட்டைத் துண்டுகளுக்கு நேர் கீழே எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மேசைக்கு அந்தப்புறம் தலைவர் டெல்மர் ஸ்ட்ராண்ட், பாதிரியார், பெவ் அம்மாள், கர்ட். நடுவில், கைப்பிடியைச் சரிபண்ணித் தருவதாக மார்லிஸிடம் சொல்லி நான் எடுத்துவந்த நீல வாளி, கழுத்தில் எண் கட்டிய சாட்சிப் பொருளாக. தலைவர் விதைக் கடை வைத்திருக்கிறார். மான் பாத்திக்கான விதைப் பையின்மேல் ஒரு மான் சிரித்துக்கொண்டிருக்கும் படம் போட்டிருப்பது அவர் யோசனைதான். தொடங்குமுன் நேர்வேட்டையின் தத்துவத்தைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்வதாகச் சொல்லி எழுந்தார்.

"என் வாழ்க்கையில ஒரு மானுக்கும் நான் இரை போட்டதில்ல. நாற்பது ஏக்கர்ல குளோவர் புல்லும் டர்னிப்பும் பீட்ரூட்டும் போடறேன், அது விவசாயம். இருபத்திரெண்டு வருஷமா விவசாயம் பண்றேன், இன்னிக்கி வரைக்கும் ஒரு கிழங்குகூட நான் அறுவடை பண்ணதில்ல. அவ்வளவு சுயநலமில்லாத விவசாயி. வயல் நடுவுல ஒரு பரண் இருக்கு. விவசாயின்னா ஒதுங்க ஒரு இடம் வேணுமில்லையா. அதுல ஹீட்டர் இருக்கு, கம்பளம் இருக்கு, சாய்வு நாற்காலி இருக்கு. மான் தானா வருது, தானா நிக்குது, தானா திங்குது. அதோட சுதந்திரத்துல நான் தலையிடறதே இல்ல, சுடறப்ப மட்டும்தான். வாளியில போடற சாப்பாடு மானை அவமானப்படுத்துது. வேரோட நிக்கற சாப்பாடு மரியாதை பண்ணுது."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் பழக்கத்தில் ஆட்டிவிட்டேன். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி ஊட்டி வளர்த்த மான். அவள் சத்தம் கேட்டால் வரும். அவள் மாதிரியே தட்டினேன். நம்பி வந்தது, சுட்டேன். அவள் இன்னும் தினமும் போய்த் தட்டிக்கொண்டிருக்கிறாள்.  பெவ் அம்மாள் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

தலைவர் கேட்ட முதல் கேள்வி, "வாளியில எத்தனை ஆப்பிள் இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லீங்க. காலி."

மேசையைச் சுற்றி ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. தலைவர் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். பாதிரியார் கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, இது ஒரு அழைப்பொலி என்றார். ஆண்மானைப்போல உறுமும் குழலுக்கு அனுமதி உண்டு, கொம்போடு கொம்பை உரசுவதற்கும் உண்டு; வாளி ஏன் கூடாது? ஆனால் அந்தச் சத்தத்தில் சாப்பாடு இருப்பதாக மான் நம்பியதே என்று பெவ் அம்மாள் மட்டும் மெல்லக் கேட்டார். குறிப்பெடுக்கும் வேலையைப் பார்க்குமாறு அவரிடம் சொல்லப்பட்டது.

"வாக்குறுதி வேற, இரை வேற. வாக்குறுதிய யாராலும் திங்க முடியாது," என்றார் தலைவர்.

"அப்ப நான் பண்ணது தப்பில்லையா?"

"என்ன தப்பு? கூடை நிறைய ஆப்பிள் இருந்தும் ஒண்ணக்கூடத் தொடாம விதிய மதிச்சிருக்கீங்க. மானைச் சுட்டது தப்புன்னு சொன்னா, அப்புறம் இந்தக் கழகம் எதுக்கு இருக்கு?"

நேர்வேட்டை நற்சான்றிதழுக்கு என் பெயரைப் பாதிரியார் முன்மொழிந்தார், கர்ட் வழிமொழிந்தான். ஏழு வருடமாக அந்தச் சான்றிதழ் தகுதியான ஆள் கிடைக்காமல் அலமாரியில் கிடந்ததாம். வேண்டாம் என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் தலைவர் பக்கத்தைப் புரட்டி, இரை போட்ட விவகாரம் இன்னும் முடியவில்லை என்றார். பத்தொன்பதாம் பிரிவின்படி இரைக்குப் பொறுப்பு சுட்டவர் அல்ல, வைத்தவர். ஆய்வாளர் குறிப்பைப் படிக்கட்டும்.

கர்ட் என்னைப் பார்க்காமல் படித்தான். 'ஏழு ஆப்பிள்கள், கிளைநுனிக்குப் பதினோரு அடி வெளியே. வைத்தவர் திருமதி மார்லிஸ் லுட்கே. நாள் தவறாமல் வைத்ததாக அவரே பெருமையுடன் ஒப்புக்கொண்டார்.'

"அது நான் வச்சதுங்க. நான்தான் வச்சேன்," என்றேன்.

"பொய்ச் சாட்சி சொன்னா நற்சான்றிதழ ரத்து பண்ணவேண்டியிருக்கும், ஆர்வின்."

"ரத்து பண்ணுங்க."

"அதுக்கு எட்டாம் எண் படிவம் இருக்கு. வேற ஒருத்தர் கேக்கணும்."

கர்ட்டைப் பார்த்தேன். அவன் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையல்கட்டிலிருந்து மீன் தயார் என்று குரல் வந்தது. கூட்டம் கலைந்தது. எனக்குப் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்கள்.

கடிதம் வர நான்கு நாள் ஆகும் என்று பெவ் அம்மாள் சொல்லியிருந்தார். ஆக எனக்கு நான்கு நாள் இருந்தது. சனிக்கிழமை சொல்ல நினைத்தேன், மார்லிஸ் பாட்டுப் பாடிக்கொண்டே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். திங்கட்கிழமை அவள் வேலியிலிருந்து வந்து, இன்றைக்குப் புதுசாகக் குளம்புத்தடம் பார்த்தேன், டீக்கனாகத்தான் இருக்கும் என்றாள். அப்புறம் எப்படிச் சொல்வது. செவ்வாய்க்கிழமை தபால்காரர் முந்திக்கொண்டார்.

தபால் செலவை மிச்சம்பிடிக்க இரண்டையும் ஒரே உறையில் போட்டிருந்தார்கள். மேலே எனக்கான அறிவிப்பு: காது கிழிந்த எட்டு முனை ஆண்மானை, இரை எதுவுமின்றி, காலி வாளி ஒலியால் மட்டும் அழைத்து, பதினெட்டு அடியில் வீழ்த்திய ஆர்வின் லுட்கேயின் நேர்மையைப் பாராட்டி. கீழே அவளுக்கான தீர்ப்பு: ஆறு வார நெறி வகுப்பு, பருவ நிறைவு விருந்தில் பகிரங்க மன்னிப்பு. மேசைக்கு எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன். முதல் தாளை மெதுவாக இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தாளைச் சீக்கிரம் படித்துவிட்டாள். எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். அடுப்பில் இருந்தது அந்தக் கறி. பிறகு நாட்காட்டியில் வகுப்புத் தேதிகளைக் குறித்துக்கொண்டாள். மார்லிஸ், நான் சொல்லணும்னுதான் இருந்தேன் என்றேன்.  அன்றிலிருந்து உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்பதோடு சரி.

ஆறு வாரமும் வகுப்புக்கு நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். மானின் கண்ணியம் என்ற பாடத்தை டெல்மர் ஸ்ட்ராண்டே எடுத்தார். மார்லிஸ் முதல் மதிப்பெண். வகுப்பில் இருந்தது அவள் ஒருத்தி மட்டும்தான் என்றாலும், முதல் மதிப்பெண் முதல் மதிப்பெண்தான் என்று பெவ் அம்மாள் சொன்னார்.

நிறைவு விருந்து ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மன்னிப்பு வாசகத்தைக் கழகமே அச்சடித்துக் கொடுத்திருந்தது. மார்லிஸ் எழுந்து நின்று நிதானமாகப் படித்தாள்: 'வேட்டையாடும் நோக்கம்கூட இல்லாமல், எந்தப் பயனும் கருதாமல், நான் ஒரு காட்டு விலங்குக்கு உணவு வைத்தேன். அதற்காக வருந்துகிறேன்.' எல்லோரும் பெருந்தன்மையாகக் கைதட்டினார்கள். அடுத்து என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போகாமல் உட்கார்ந்திருக்கலாம். போனேன். தலைவர் சான்றிதழைக் கொடுத்து, சுவரிலிருந்த என் ஆறு சட்டைத் துண்டுகளையும் கழற்றி மடித்து மரியாதையோடு என் கையில் வைத்தார். வாளியையும் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. கர்ட் மட்டும் தட்டவில்லை. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கழகத்துப் புகைப்படத்தில் அப்படித்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வரும்போது துண்டுகளை மார்லிஸ் மடியில் வைத்திருந்தாள். அவள் காலடியில் வாளி ஒவ்வொரு குலுங்கலுக்கும் சத்தம் போட்டது. கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். எங்கள் தேவதாரு மரங்கள் தெரியத் தொடங்கிய பிறகு, ஆறு வாரத்தில் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு வாளி நெசமாவே காலியாவா இருந்துச்சு?"

"ஆமா."

"கூடை பக்கத்துலதான இருந்துச்சு?"

"போட்டா இரையாயிடும், மார்லிஸ். விதி அப்படி."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி எங்கள் வேலியைத் தாண்டியது.

"அது சாப்பிடத்தான் வந்துச்சு, ஆர்வின். ஒரு ஆப்பிளாவது போட்டிருக்கலாம்."